இரவல் பை

கடையில் கவர் கொடுப்பதை நிறுத்திய வாரம், ஊரே வாசலில் வந்து நின்று முறைத்தது. "காசு குடுத்து வாங்கறோம், கவர் தர மாட்டீங்களா? தலையிலயா தூக்கிட்டுப் போறது?" என்று கேட்ட ஒருவர், முட்டை அட்டையை நிஜமாகவே தலையில் வைத்துக் காட்டினார். பில் போடுகிறவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீதிச் சில்லறையை நீட்டினாள். அவள் என்ன செய்வாள்? முடிவெடுத்தவர்கள் எல்லாம் மேல்மாடியில் இருந்தார்கள். திட்டு வாங்க மட்டும்தான் கீழே ஆள் போட்டிருந்தார்கள்.

பாதிக் கல்லாக்களுக்கு, வாங்குகிறவர்களே பில் போட்டுக்கொள்ளும் மெஷின் வந்து ஆள் குறைந்துபோனதில், அவர்கள் கட்டியிருந்த பச்சை ஏப்ரன்கள் ஒரு குவியல் மிஞ்சியிருந்தன. அவற்றைப் பையாகத் தைக்கும் வேலை அவளுடைய நாத்தனாருக்குக் கிடைத்தது. நாத்தனார் தையல்காரி. கை வேகம் அதிகம், பொறுமை குறைவு. ஏப்ரனை மடித்து இரண்டு ஓரமும் அடித்து, நாடாவைக் கைப்பிடியாக்கிவிட்டாள். முன்னால் இருந்த பாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டாள்.

"பிரிச்சா துணி கிழியும் அண்ணி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

வாசலோரக் கம்பியில் பைகள் தொங்கின. வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்த முறை வரும்போது திருப்பி மாட்டிவிடலாம். யார் எடுத்தார், எப்போது தருவார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எல்லாப் பையும் எல்லாருக்கும் இரவல்.

திரும்பி வருகிற பைகளை மடித்து அடுக்குவதும் பில் போடுகிறவள் தலையில்தான் விழுந்தது. நாத்தனார் விட்டுவைத்திருந்த நூல் பிசிறுகளெல்லாம் அவள் மோதிரத்தைப் பிடித்து இழுத்தன. ஒரு மத்தியானம் எரிச்சலாகி மோதிரத்தைக் கழற்றினாள். புழுக்கம் தாங்காமல் அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டிருந்த தன் ஏப்ரனின் பாக்கெட்டில், திரும்பிக்கூடப் பார்க்காமல், அதைப் போட்டாள். டீ குடிக்கப் போனாள். வந்து பார்த்தால் நாற்காலி காலி. ஏப்ரன் நாற்காலிக்கு அடியில் சரிந்து கிடந்தது, அதன் பாக்கெட்டில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் அவள் மோதிரத்தைப் போட்டது நாற்காலியில் கிடந்த ஒரு பையில். அதே பச்சை, அதே பாக்கெட், அதே இடம். யாரோ அதைக் கம்பியில் மாட்ட, யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அவள் தெருமுனை வரை ஓடிப்போய்ப் பார்த்தாள். காரணம் தங்கமல்ல. அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பி வடத்தோடு பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். உன்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அந்த மோதிரத்தை மட்டும்தான், அவரே அளவு பார்த்து, அவரே வாங்கி, அவரே போட்டுவிட்டார். அவர் சொல்லாததை எல்லாம் அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால், உள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது. பைகள் தெருத்தெருவாக, யார் தோளிலும் இல்லாமல், தாமாகவே மிதந்து போய்க்கொண்டிருந்தன. மோதிரம் ஒரு சமையலறைக் கதவின் பின்னால் வெங்காயத்தோடு படுத்துக் கிடந்தது. அப்புறம் ஒரு மாடிப்படியில் ஏறியது. ஒரு குழந்தையின் சைக்கிளில் ஆடிக்கொண்டே போனது. அவளுக்குத் தெரியாத வீடுகளின் வாசனையெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. கண்ணைத் திறந்தபோதும் பைகள் மறையவில்லை. பஸ்ஸுக்கு வெளியே, மாலை வெயிலில், ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். எது கனவு, எது தெரு என்று பிரிக்க முடியாமல் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு பையின் பாக்கெட்டிலும் கையை விடுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஊர் மறதி முழுக்க அதில் வந்து சேர்ந்தது. சட்டைப் பொத்தான், ஹேர்பின், சாவி, கசங்கிய பஸ் டிக்கெட், ஒரு தடவை பஞ்சில் சுற்றிய பால்பல். எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டுக் கல்லாப் பக்கத்தில் வைத்தாள். தொலைத்தவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். தொலைக்காத சிலரும் எதையாவது கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மோதிரம் மட்டும் வரவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் நாத்தனார். "கவரிங்ல ஒண்ணு வாங்கி மாட்டிக்கோ அண்ணி. எங்க அண்ணனுக்கா தெரியப் போகுது? நீ மொட்டை அடிச்சுக்கிட்டாக்கூட ஒரு வாரம் கழிச்சுத்தான் கேப்பாரு."

சிரித்துவைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் கையைத் துணி துவைக்கும் தண்ணீருக்குள்ளும் தலையணைக்கு அடியிலும் ஒளித்துக்கொண்டு திரிந்தாள். கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம் பாதி. இத்தனை நாளாகியும் கேட்கவே இல்லையே இந்த மனுஷன் என்ற கோபம் மீதி.

இதற்கிடையில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. அவள் புருஷன், அந்த லிஃப்ட்காரர், பையோடு கடைக்கு வர ஆரம்பித்திருந்தார். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, கவர் இல்லை என்றதும் தக்காளியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போய்ச் சட்டையை நாசம் பண்ணிய அதே ஆள். இப்போது தினமும் வேலை முடிந்ததும், நாலாக மடித்த பச்சைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மெஷின் கல்லாக்கள் காற்று வாங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அவளுடைய வரிசையின் கடைசியில் போய் நின்றார். வாங்குவது ஒரே ஒரு பாக்கெட் உப்பு.

"எங்க அண்ணன் திருந்திட்டாரா! மழை கொட்டப் போகுது, துணியெல்லாம் எடுத்து உள்ள போடு அண்ணி" என்றாள் நாத்தனார். மேனேஜருக்கோ பெருமை தாங்கவில்லை. "சாரைப் பாருங்க, தெனம் பையோட வர்றாரு. நீங்களும் இருக்கீங்களே" என்று கவர் கேட்டுச் சண்டை போடுகிறவர்களுக்கு அவரைக் காட்டினார். அவர் தலையைக் குனிந்துகொள்வார். குனிந்த தலை பில் மெஷின் பக்கமாகவே திரும்பியிருக்கும். கணக்கைச் சரிபார்க்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டு, இடது கையைக் கல்லாவுக்குக் கீழே வைத்தபடி ஒற்றைக் கையாலேயே பில் போட்டு அனுப்புவாள்.

வீட்டில் உப்பு பெருகியது. அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் போயிற்று. ஒரு சாயங்காலம், கடைக் கண்ணாடியில் வெயில் மஞ்சளாக வழிந்து ஜனங்கள் எல்லாம் தூக்கத்தில் நடப்பவர்கள் போலத் தெரிந்த நேரத்தில், மறுபடியும் அந்த உப்பு அவள் முன்னால் வந்து நின்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, வீட்ல உப்பு மலை மாதிரி கெடக்கு. எதுக்குத் தெனமும் உப்பு?"

"வேற என்ன வாங்கறதுன்னு தெரியல."

"வாங்கலன்னாத்தான் என்ன?"

"ஒண்ணும் வாங்காம உன் லைன்ல நிக்க முடியாதே" என்றார் அவர்.

உப்புப் பாக்கெட்டை எடுக்கப்போன அவள் இரண்டு கையும் சாமான் நகரும் பெல்ட் மேல் அப்படியே நின்றுவிட்டன. அவர் அந்த வெறும் விரலைப் பார்த்தார். இத்தனை நாளும் எதைப் பார்த்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்கு நான் பேசினது தப்புதான்."

"என்னைக்கு?"

"கை வலிக்குதுன்னு காலைல சொன்னல்ல. உக்காந்த எடத்துல வேலை, இதுக்கு இவ்வளவு அலுப்பான்னு கேட்டுட்டேன். நீ ஒண்ணும் சொல்லாமப் போயிட்ட. சாயங்காலம் வந்தப்ப மோதிரம் இல்ல." இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "வீட்ல நீ கையைக் காட்டவே மாட்டேங்கிற. இங்கன்னா பாக்கலாம், கோபம் தீந்து ஒரு நாளாவது போட்டுட்டு இருப்பியோன்னு..."

அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு காலை அவள் ஞாபகத்திலேயே இல்லை. பஸ் ஏறுவதற்குள் மறந்துபோயிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் இந்த மனுஷன் தினமும் வந்து வரிசையில் நின்றிருக்கிறார்.

"நான் கழட்டிப் போடலங்க. தொலைச்சுட்டேன். ஏப்ரன்னு நெனச்சு இந்தப் பை ஏதோ ஒண்ணுல போட்டுட்டேன். எந்த வீட்ல கெடக்கோ, சொல்லப் பயமா இருந்துச்சு."

"தொலைஞ்சுதானா போச்சு?"

"ஆமாங்க."

"நெஜமா?"

"சத்தியமா."

லிஃப்ட்காரரின் முகம் மலர்ந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், பின்னால் பால் பாக்கெட்டோடு காத்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி, "தொலைஞ்சுதாங்க போச்சு!" என்றார்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார் பால் பாக்கெட்காரர், ஒன்றும் புரியாமல்.