புழு மனையில் ஒரு அடுப்பு

சாரல் வந்தால் ஊருக்கே கொண்டாட்டம். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவியில் தலையைக் கொடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். இலஞ்சியில் இருந்த இசக்கிச்செல்விக்கு மட்டும் அந்த வருஷச் சாரல் வேண்டாத விருந்தாளி. அவள் முதல்முறையாக வளர்த்த பட்டுப்புழுக்களுக்குக் குளிர் ஆகாது.

புருஷன் மணிமுத்து பட்டாளத்தில், வடக்கே ஏதோ பனிமலையில் இருந்தான். வேலைக்காலம் முடியப்போகிறது. நீட்டிக்க எழுதிக்கொடு என்று மேலதிகாரி கேட்டிருந்தார். “புழு கூடு கட்டிட்டுன்னா அதை வச்சே பிழைச்சுக்கிடலாம், நான் வந்துருதேன். இல்லைன்னா இன்னும் ரெண்டு வருசம் இங்கனதான்” என்று சொல்லிவிட்டான். தாலி கட்டியவன் ஊர் திரும்புவது புழுவின் வாயில் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

போன லீவில் வந்தபோது, முகாமில் பார்த்ததுபோல ஒரு விறகடுப்பு செய்து வைத்துவிட்டுத்தான் போனான். பழைய எண்ணெய் டிரம், உள்ளே சுற்றிலும் செங்கல், அடியில் காற்று நுழைய ஒரு சின்னக் கதவு. புகைக்குழாயை நேராக வெளியே விடாமல் சுவரோரமாகப் புழு வளர்க்கும் மனை முழுக்க நடத்திக் கடைசியில் வெளியேற்றியிருந்தான். சூட்டை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் புகை மட்டும் போக வேண்டுமாம்.

சாயங்காலம் போன் வந்தால் செல்வி பேசுவதைவிடப் புழுத்தட்டுகளுக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அதிகம். அத்தனை புழுக்களும் மல்பெரி இலையைக் கொறிக்கும் சத்தம் ஓட்டின்மேல் சாரல் விழுவதுபோலவே இருக்கும். பனிமலையில் இருப்பவன் மூச்சுவிடாமல் அதைக் கேட்பான். இருவருக்கும் அதுவே பேச்சு.

புழுக்கள் கடைசித் தோலை உரித்து, பசியோடு இலையில் ஏறிய நேரம் பார்த்துச் செங்கோட்டைக் கணவாய்க் காற்று இறங்கியது. செல்வி அடுப்பை மூட்டினாள். ஈர விறகு, அதுவும் தடித்தடியாக. காற்றுக்கதவைச் சாத்தினால் மெதுவாக எரியும், விறகும் மிச்சம் என்று கணக்குப் போட்டாள். அடுப்பு முனகிக்கொண்டே கிடந்தது. டிரம் வெதுவெதுப்போடு நின்றது, மனை சில்லிட்டது. குழாய் இணைப்புகளில் புகை கசிந்து கண்ணைக் கரித்தது.

மத்தியானம் அவள் இலை போட வந்தபோது சத்தம் இல்லை. புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன.

நல்லவேளை, போன் அடித்தது.

“ஏங்க, திங்க மாட்டேங்குது. ஒண்ணுகூடத் திங்க மாட்டேங்குது!”

“அழாத. வெளிய குழாயில புகை என்ன நிறமா வருது?”

எட்டிப் பார்த்தாள். “வெள்ளையா. மலையில மேகம் இறங்குன மாதிரி.”

“அது அம்புட்டும் எரியாத விறகுதாம்ட்டி. வெளிய போயிட்டிருக்கு. அடுப்புக்கு அடியில உள்ள கதவைத் தெற. காஞ்ச விறகாப் பாத்துச் சின்னதாப் பிளந்து போடு. கொஞ்ச நேரம் நல்லா எரிஞ்சாப் போதும், செங்கல்லு சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு அப்புறமா விடும். மேல ஒரு சட்டியில தண்ணி வையி, இலை வாடாது. ஈர விறகை...”

லைன் கட்டாகிவிட்டது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நெருப்பு நெருப்பாக எரிந்தால் புகைக்கு அங்கே வேலையில்லை என்பது செல்விக்கு அன்றுதான் உறைத்தது.

காய்ந்த விறகுக்கு எங்கே போவது? கூரை இறவாணத்தின் கீழே அடுக்கியதுகூட நனைந்து கிடந்தது. வீட்டுக்குள் போனாள். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த பூவரசங்கட்டில் நின்றது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? கோடாலியை எடுத்தாள்.

இலை வெட்டிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் இலைக்கட்டைக் கீழே போட்டாள். “ஏட்டி, கிறுக்குப் புடிச்சிட்டா?”

“ஆமாக்கா. அந்தக் காலைச் சித்தப் பிடிங்க.”

கட்டில் சிறுசிறு துண்டாகி உள்ளே போனதும் அடுப்பு முனகலை விட்டு ரீங்காரம் போட்டது. குழாய் வாயில் புகையே இல்லை, காற்று மட்டும் நெளிந்தது. நனைந்த விறகைச் சூட்டில் காயட்டும் என்று அடுப்பிலிருந்து தள்ளிச் சுற்றிலும் அடுக்கினாள். சட்டித் தண்ணீரில் ஆவி எழுந்தது. எரிந்து தணிந்த பிறகும் செங்கல் சூட்டைக் கசியவிட்டுக்கொண்டே இருந்தது.

சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். சாரல் பெய்யும் சத்தம். வெளியே பெய்கிறதா, உள்ளேயா? மல்பெரித் தோட்டம் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது, அந்தப் பனியும் வெதுவெதுப்பாக இருந்தது, மணிமுத்து செருப்பில்லாமல் அதில் நடந்து வந்தான். கண் விழித்தபோது தட்டுகளில் இலை பாதி இல்லை. புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. செல்வி வாய்விட்டு அழுதாள்.

அடுப்பைச் சுற்றி அடுக்கிக் காய்ந்த விறகு அடுத்த நாட்களுக்குக் கைகொடுத்தது. புழுக்கள் தேன் நிறத்தில் கண்ணாடிபோல மாறி, வலைத்தட்டில் ஏறி நூல் விடத் தொடங்கிய நாளில்தான் மறுபடி போன் வந்தது.

“கட்டுதுங்க! கூடு கட்டுது! இனி வந்துரலாம்லா?”

“அன்னைக்கு நீ அழுததைக் கேட்டுட்டு நேரா ஆபீசுக்குப் போயி, நீட்டிப்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன் செல்வி. புழு கட்டினாலும் கட்டாட்டாலும் வாறதுன்னு. உங்கிட்ட சொல்லலாம்னா இத்தனை நாளா டவர் இல்ல.”

செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் அழுததுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துத் தொலைச்சிருந்தா என்ன? படுக்க இருந்த ஒரே கட்டிலை அடுப்புல வச்சுட்டு நிக்கேன்!”

“தரையில படுத்துக்கிடலாம்ட்டி” என்றான் மணிமுத்து.