மூடிக் கட்டிய கல்

அந்த வீட்டுக்கு முதல் வைரம் வந்த மறுநாளிலிருந்து தராசுக்காரரின் தங்கைக்கு நிழல் விழுவது நின்றுபோனது. வெயிலில் நின்றாலும் விளக்கடியில் உட்கார்ந்தாலும் அவளுடைய காலடித் தரை மற்ற தரையைப் போலவே வெளிச்சமாக இருந்தது. இதைப் பற்றி வெளியில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஏதோ நோய் என்றார்கள், அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படி என்றார்கள். அந்தக் குடும்பத்து ரத்தத்தில் எந்தக் குறையும் கிடையாது. நடந்தது வேறு.

தராசுக்காரர் என்று எல்லோரும் அழைத்த அந்த மனிதர் கடைத்தெருவில் தராசுகளைப் பழுது பார்த்து, எடைக்கற்களைச் சரிபார்த்துக் கொடுத்துவந்தார். அவர் கை பட்ட தராசு என்றால் வாங்குபவரும் விற்பவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தங்கைக்குத் திருமணம் ஆகவில்லை. பெற்றவர்கள் இருந்தவரை அவர்களுக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு கடைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கடையின் பின்னறையில் அமர்ந்து, தேய்ந்துபோன எடைக்கற்களின் அடிக்குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றி அவற்றைச் சரியான எடைக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அண்ணனின் சம்பாத்தியம் என்று சொல்லப்பட்டதில் பாதி, அவள் விரல்நுனியைச் சுட்டுக்கொண்டு சம்பாதித்தது. இதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. எடுத்துச் சொல்லிப் பேசியதும் இல்லை.

மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, பெண்ணை வைர மோதிரத்தோடுதான் அனுப்புவது என்று தராசுக்காரர் முடிவெடுத்தார். அதுவரை அந்தக் குடும்பத்தில் யாரும் வைரம் வாங்கியதில்லை. ஆகவே வைரம் வாங்குவதற்கென்று வழக்கம் எதுவும் இல்லை. வழக்கம் இல்லாத குடும்பம் என்று சம்பந்தி வீட்டார் நினைத்துவிடக் கூடாதே என்று அவரே ஒன்றை உண்டாக்கிச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். கல்லை வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த நாட்களில் மணப்பெண்ணின் விரலைத் தவிர வேறு விரலில் அது ஏறக் கூடாது, நம் வீட்டில் எப்போதும் அப்படித்தான் என்றார். “எப்பலேர்ந்து?” என்று மனைவி கேட்டாள். “இப்பலேர்ந்துதான்மா, தெரியல?” என்றாள் மகள். தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனுக்குச் சோறு போட்டாள்.

நகைக்கடைக்காரர் கறுப்புத் துணியை விரித்துச் சில கற்களை உருட்டிவிட்டார். மகளின் கண் பெரிய கல்லுக்கும் சின்னக் கல்லுக்குமாக அலைந்தது. கடைசியில் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். “பெருசு என்னைப் பாரு, என்னைப் பாருங்குது” என்றாள் அத்தை. “இந்தச் சின்னது பேசாம உக்காந்திருக்கு. இதோட காலம் தள்ளலாம்.” கடைக்காரர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். “என்னம்மா, மாப்பிள்ளை பாக்குற மாதிரி சொல்றீங்க?” “மாப்பிள்ளை பாத்திருந்தா இப்படித்தான் பாத்திருப்பேன்.” கடைக்காரர் மட்டும் சிரித்தார். சின்னக் கல்லே முடிவாயிற்று. அதை நான்கு கம்பிகள் கவ்விப் பிடிக்க வேண்டும், பின்பக்கம் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே போகும் வெளிச்சம் திரும்பி வெளியே வரும் என்று மகள் சொன்னாள். அதுவும் முடிவாயிற்று. கல்லைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு கம்பி மோதிரத்தில் வைத்து, நம்பிக்கையின் பேரில் கடைக்காரர் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் பிற்பகல், மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் தராசுக்காரர் வீட்டுக்கு வந்தார். மாடி அறையின் ஜன்னலருகே தங்கை நின்றிருந்தாள். கை நீட்டியிருந்தது, விரல்கள் விரிந்திருந்தன, மோதிரம் அவள் விரலில் இருந்தது. மகள் போட்டுப் பார்த்தபோது எந்தக் கல்லும் மின்னுவதைப் போல மின்னிய அந்தக் கல், இப்போது கூரை முதல் தரைவரை அறை முழுக்க நிறங்களை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தின்மேல்கூட நிறம் இருந்தது. அவர் அதையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் “கழட்டு” என்றார்.

“சும்மா பாத்தேண்ணா.”

“கல்யாணப் பொண்ணுக்கு வாங்குனது. உனக்கெதுக்கு, இந்த வயசுல?”

அவள் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அவரைக் கடந்து படியிறங்கிப் போனாள். அவளுடைய நிழல் போகவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம், நீட்டிய கையோடு அது ஜன்னலடித் தரையில் தனியாக நின்றது. பிறகு விளிம்புகளிலிருந்து சுருங்கி, மேசைக்காலில் ஏறி, திறந்திருந்த பெட்டிக்குள் இறங்கியது. அண்ணன் பெட்டியை மூடினார். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கல்லைக் கட்டக் கொடுத்தபோது கடைக்காரர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். நடுவில் ஒரு கரும்புள்ளி, கொடுக்கும்போது இது இல்லையே என்றார். சண்டை போடும் மனிதர் அல்ல. வேறு கல் தருகிறேன், இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். தராசுக்காரர் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார். புள்ளிக்குக் கையும் விரல்களும் இருந்தன. திருப்பிக் கொடுத்தால் உடன்பிறந்தவளின் நிழல் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, முகம் தெரியாத யார் வீட்டுக்கோ விலைக்குப் போகும். திறந்து கட்டினால் வெளிச்சத்தில் எல்லோரும் பார்ப்பார்கள், என்ன நடந்தது என்று கேட்பார்கள், அந்த ஒற்றை வார்த்தையை அவர் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். “பின்னாடி வெள்ளித்தகடு வெச்சு மூடிக் கட்டிடுங்க” என்றார். மகள் அதிர்ந்துபோனாள். “நம்ம வீட்டுல மூடித்தான் கட்டுவோம்” என்றார் அவளிடம். “இதுவும் இப்பலேர்ந்தாப்பா?” என்று அவள் கேட்டாள்.

திருமணம் குறையில்லாமல் நடந்தது. நிழல் இல்லாததை மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவில்லை. கல்யாண வீட்டில் அத்தைகளின் காலடியை யார் பார்க்கிறார்கள்? அதன்பின் தராசுக்காரர் வீட்டு முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டார், மழைக்கு என்றார். தங்கை கடைக்குப் போகும் நேரத்தை வெயில் ஏறுவதற்கு முன்னால் வைத்தார், கூட்டத்துக்கு என்றார். “உங்க தங்கச்சி நிழலைக்கூடச் சிக்கனமா பீரோவுல வெச்சிருக்காங்க போல” என்று கேலி பேசிய மளிகைக்காரரின் தராசை அவர் அதற்குப்பின் தொடவே இல்லை. தங்கை மட்டும் எதையும் பொருட்படுத்தவில்லை. வேலை செய்யும்போது கைநிழல் தட்டில் விழாதது வசதியாக இருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னாள். ஆனால் வாடிக்கையாளர் யாராவது வைரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள்.

வருடங்கள் போயின. பேத்தி பிறந்தாள், பேரன் பிறந்தான். இதற்கிடையில் கடையின் தராசுகள் தராசுக்காரரை ஏற்க மறுத்தன. வெறும் தட்டுகளோடு நேராக நிற்கும் தராசு, அவர் அருகில் வந்ததும் அவர் பக்கமாகச் சாய்ந்தது, விலகினால் நிமிர்ந்தது. அடித்துப் பார்த்தார், எண்ணெய் போட்டுப் பார்த்தார். கடைசியில் வாசலில் நாற்காலி போட்டு வந்தவர்களை வரவேற்பதோடு நிறுத்திக்கொண்டு, சரிபார்க்கும் வேலையைத் தங்கையிடம் விட்டார். பல நாள் மாலையில் பின்னறை வாசல்வரை போவார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் “ஈயம் இருக்கா?” என்று கேட்பார். “இருக்குண்ணா.” “தீந்தா சொல்லு.” அவ்வளவுதான். வேறெந்தக் கடையிலும் அத்தனை ஈயம் இருந்ததில்லை.

மகள் ஒருநாள் கண் சிவந்து வந்து நின்றாள். கூடவே சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். கல் ஒளியே விடவில்லை, அவர்கள் வீட்டுப் பெண்கள் வாய்க்கு வாய் பேசுகிறார்கள், எது உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். “தராசுக்காரர் எடையில ஏமாத்தமாட்டார், கல்லுல ஏமாத்திட்டாரோங்கறாங்க. நான் சொல்லல, ஊர்ல சொல்றாங்க.” அந்தக் குடும்பத்தைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. எல்லோரும் நகைக்கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் தகட்டை நெம்பி எடுத்தார். வைரம்தான், அசல் வைரம், ஆனால் உள்ளே ஒரு குறை இருக்கிறது என்றார். அதற்குமேல் சொல்லாமல் தராசுக்காரரைப் பார்த்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை, பழி கல்லின்மேல் விழும். “அப்ப குறையுள்ள கல்லைத் தெரிஞ்சே மூடிக் குடுத்திருக்கீங்க” என்றார் சம்பந்தியம்மா.

“தெரிஞ்சுதான் குடுத்தேன். அது குறை இல்ல, என் தங்கச்சியோட நிழல். ஒரு தடவ ஆசையா போட்டுப் பாத்தா. கழட்டுன்னேன். உள்ள வெச்சு மூடுனது நான்தான்.”

சம்பந்தியம்மா உருப்பெருக்கியை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க” என்றார். மோதிரத்தை மகளின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கட்டும்னு விட்டிருக்கலாமே சம்பந்தி” என்றார். அதன்பின் ஏமாற்றுப் பேச்சு எழவில்லை. தராசுக்காரருக்கு அது எழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

கல்லை நான்கு கம்பிகளில் திறந்து கட்டி வாங்கிக்கொண்டு தராசுக் கடைக்குத் திரும்பினார்கள். மகள் மோதிரத்தை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் பின்னறைக்குள் போய், உலையருகே உட்கார்ந்திருந்த தங்கையிடம் நீட்டினார். “போட்டுக்க” என்றார். அவள் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“கழட்டுன்னே, கழட்டுனேன். இப்ப போடுன்னா போடணுமாண்ணா? நான் என்ன மோதிரம் மாட்டுற ஆணியா?”

“நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“கூடாதுதான்” என்றாள் அவள். கரண்டியிலிருந்த ஈயம் ஆறிக்கொண்டிருந்தது, அதைக் குழியில் ஊற்றினாள். பிறகு, “அது பொண்ணோடது. அவ கைக்குப் பழகிடுச்சு. குடுத்துடு” என்றாள்.

மகள் அதை விரலில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதும், மாலை வெயில் கல்லுக்குள் புகுந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. நிறங்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் நிழல் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது, கையை நீட்டி, விரல்களை விரித்து, தன் விரலையே பார்த்தபடி. தங்கை எழுந்து வந்து அதன் எதிரில் நின்றாள். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறதென்று அண்ணி சொன்னாள். “இடுப்பப் பாரு, அப்படியா இருந்தேன்?” என்றாள் அவள். அவள் காலடிக்கு அது திரும்பவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அதிலிருந்து மகள் தன் வீட்டுத் தெருவில் நடந்தால் இரண்டு நிழல்கள் போகும். அங்கே எல்லோருக்கும் அது பழகிவிட்டது. தெரிந்தவர்கள் அத்தை நலமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாதம் ஒருமுறை அவள் பிறந்த வீட்டுக்கு வந்து, மாலைவரை கடையின் பின்னறையில் அத்தையோடு இருப்பாள். தராசுகள் இன்னும் அண்ணன் பக்கம் சாய்ந்துகொண்டுதான் இருக்கின்றன, அவர் இன்னும் வாசலில்தான் உட்காருகிறார். பின்னறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டி மட்டும் நிழலின் முகத்தை மறைத்தது. அதை எடுத்துக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினார்கள்.