பின்பக்கத்துத் தேதி

“அங்க வந்து டயர் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்கப்பா” என்று மகள் கண்டிஷன் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. சம்பந்தி ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வைனை முகர்ந்தே வயசு சொல்லிவிடுவார் என்று கேள்வி. இந்தப் பக்கம் மகளின் அப்பாவோ டயர்க்காரர். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் டயரில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனவர், வலியை மறந்து, டாக்டர் காரின் பின்சக்கரத் தேய்மானத்தை அரை மணி நேரம் விளக்கிவிட்டுத் திரும்பிய கதையை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மகள் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் காட்டிக்கொள்ளவில்லை. போகிற வீட்டில் மகள் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், தன்னால் அவளுக்கு ஒரு குறை வரக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு. டயரை விட்டால் அந்த மனிதரோடு பேச வேறு ஏதாவது வேண்டுமே என்று, வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வைன் கடைக்குப் போனார்.

கடைக்காரப் பெண் நல்லவள். ரப்பர் கறுப்பு ஏறிய விரல்களைப் பார்த்து முகம் சுளிக்காமல் பொறுமையாக விளக்கினாள். சாதாரண ஷாம்பெய்னில் பல வருஷத்து வைனைக் கலப்பார்களாம். அதனால் வருஷம் போடுவதில்லை. திராட்சை அருமையாக விளைந்த வருஷத்தில்தான், அந்த வருஷத்துப் பழத்தை மட்டும் வைத்துச் செய்து முகப்பில் வருஷம் போடுவார்கள். அதிலும் முதல்தரமானதைப் பொறுக்கி, தன் பெயரைக் காப்பாற்றவென்றே கம்பெனி ஒரு பாட்டில் செய்யும். விலை அதற்குத் தகுந்தபடி.

மகள் பிறந்த வருஷத்தைச் சொல்லி அதைக் கேட்டார். அந்த வருஷம் மழை கெடுத்துவிட்டது, இந்தக் கம்பெனி செய்யவே இல்லை என்றாள் அவள்.

“என் பொண்ணு பொறந்த வருஷம் எப்படிம்மா மோசமான வருஷமாகும்?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த வருஷம் அமோகம் என்றாள். அடுத்த வருஷம் மகள் நடக்க ஆரம்பித்த வருஷம். சரி, அதுவும் மோசமில்லை என்று அவர் சமாதானமானார்.

அந்த வருஷத்தில் இரண்டு பாட்டில் இருந்தன. பழக்கதோஷம், இரண்டையும் திருப்பிப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அதைப் படிக்காமல் அவர் எந்த டயரையும் தொட்டதில்லை. இந்தப் பாட்டில்களின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு தேதி இருந்தது. ஒன்றில் பத்து வருஷத்துக்கு முந்தையது, மற்றதில் போன வருஷத்தது. முகப்பில் ஒரே வருஷம், பின்னால் ஏன் இப்படி என்று கேட்டார்.

கடைக்காரப் பெண் அசந்துபோனாள். அது, பாட்டிலுக்குள் நுரை உண்டாக்கிய ஈஸ்ட்டின் வண்டலை வெளியே எடுத்த தேதியாம். வண்டலோடு அதிக நாள் கிடந்த பாட்டிலில் ருசியும் ஏறியிருக்கும், புதுசாகவும் இருக்கும். பெரிய பெரிய ஆட்கள் வந்து வாங்குகிறார்கள், ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்றாள். போன வருஷத் தேதி போட்டதையே அவர் எடுத்துக்கொண்டார். உள்ளே கிட்டத்தட்ட லாரி டயர் அளவுக்கு அழுத்தம் இருக்கும், திறக்கும்போது ஜாக்கிரதை என்றும் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குத் தெம்பு வந்தது. காற்று சமாசாரம் என்றால் அவருக்கு என்ன பயம்?

நான்கு லாரி டயர் விலைக்கு நுரை வாங்கி வந்திருக்கிறீர்களே என்று மனைவி மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. கண் சும்மா இருக்குமா? நான்கு இலக்கம் கண்ணில் பட்டுவிட்டது. எட்டு வருஷத்து டயர். தரையில் உருளும் பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தது, ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். அதிகம் ஓடாத வண்டி என்று புரிந்துகொண்டார். சரி, பேசக் கூடாது என்று உள்ளே போனார். சாப்பிட உட்கார்ந்ததும் சம்பந்தி உற்சாகமாக ஆரம்பித்தார். நாளை விடியற்காலை மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். அந்த வண்டியில்தானாம்.

டயர்க்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டார். வயசான ரப்பர் நெடுந்தூர வேகத்தில் வெடித்துவிடும். சொன்னால் மகள் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் தூக்கம் வராது.

இதற்கிடையில் பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். கார்க்கை இறுகப் பிடித்து, பாட்டிலை மெல்லத் திருகினார். வால்வில் காற்றை இறக்குவது போலத்தான். டமார் என்று வெடிக்காமல் ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சோடு திறந்தது. வேலைக்கு வந்த பையன்களுக்கு முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தும் ஒருவனுக்கும் இது வரவில்லை என்று சம்பந்தி மெச்சினார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பினார்.

“சம்பந்தி, இந்தத் தேதியப் பாத்தா எடுத்தீங்க? இது எனக்கே வேலைக்குச் சேந்து பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பழக்கந்தான்.”

“என்ன பழக்கம்?”

டயர்க்காரர் மகளைப் பார்த்தார். அப்பா வாசலில் குனிந்து பார்த்ததையும், அதன் பிறகு சரியாகச் சாப்பிடாததையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகம் சிவந்தது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

“நான் காட்டறேன் மாமா, வாங்க.”

புது உடுப்போடு கார் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலால் டயரின் புழுதியைத் துடைத்தாள். ஆறு வயதில் கடையில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே நான்கு இலக்கம்.

“முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இதுக்கு எட்டு வயசாச்சு மாமா. எங்கப்பா வந்ததுமே பாத்துட்டாரு. பேசக் கூடாதுன்னு நான்தான் அவர் வாயக் கட்டி வச்சிருந்தேன்.”

சம்பந்தி கையில் கிளாஸோடு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெடிப்பைத் தடவிப் பார்த்தார். காலையில் கடையை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டார்.

“நீங்க வர வேணாம் சம்பந்தி. விடியறதுக்குள்ள நானே கொண்டுவந்து மாட்டிடறேன்” என்றார் டயர்க்காரர். சொல்லும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மகளின் கட்டைவிரல் கறுத்திருந்தது. மாப்பிள்ளை கைக்குட்டையை நீட்டினான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே தன் கிளாஸை எடுத்துக்கொண்டாள்.