சிலிகான் பையில் விழுந்த மடிப்பு

புதிதாக வைத்தாலும் இது மடியத்தான் போகிறது என்று ராமசெல்வி நினைத்தாள். புற்றுநோய்க்கு மார்பை எடுத்தபின் வைத்த சிலிகான் பை. ஆறு வருடத்தில் மேல்தோல் மெலிந்து, குனிந்தால் சுருக்கம் அலை அலையாகத் தெரிந்தது.

காலையில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பை கிழியலம்மா, மடிஞ்சிருக்கு. வலி இல்லேன்னா மாத்தணும்னு கட்டாயமில்லை. மாத்தினாலும் மறுபடி மடியலாம்" என்றார்.

திருவொற்றியூர் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் சண்முகவேல் ஆரம்பித்தார்.

"மாத்திருவோம். மக நிச்சயத்துக்கு ஊர்ச்சனம் பூரா வருது. நீ குனிஞ்சு தாம்பாளம் எடுக்கையில ஒருத்தி பாத்தாப் போதும்."

தாய்க்குப் புற்று என்று தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் அமையாது. அதனால் ஆறு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொந்தங்களிடம் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒரு கல்லுக்கு எத்தனை தடவைங்க கத்தி வைப்பாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "ஆபரேஷனுக்குத் தேதி கேளு" என்று போனை நீட்டினார்.

மகளுக்காக ஒத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. ஆனாலும் இந்த உடம்பு இனிச் சரியாகாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு முறை மயக்க ஊசி போட்டுக் கிடக்க வேண்டியதில்லை. போனை அவள் வாங்கவில்லை.

"வேண்டாங்க" என்றாள் மெல்ல.