மின்கம்பத்தில் தொங்கிய ஸ்வெட்டர்

நாடு நாடாகச் சுற்றிய போலந்துக்காரன் வொய்தெக், பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நகரத்தில் தங்கி மூன்று வருடமாகிறது. ‘திருடன் சிக்கினால் கொளுத்துவோம்’ என்ற அட்டையோடு தெருமுனை மின்கம்பத்தில் தூக்கில் தொங்கும் வைக்கோல் பொம்மை அவனுக்குப் பழகிப்போயிருந்தது. இன்று காலை அது போட்டிருந்தது, போன வாரம் அவன் குப்பையில் எறிந்த சிவப்பு ஸ்வெட்டரை.

கம்பத்தடியில் ரொட்டி விற்கும் சதுர்னினாவிடம் ஓடினான்.

“அக்கா, அது என் ஸ்வெட்டர்!”

“தெரியும் தம்பி. நல்ல கம்பளி, வீணாப் போகுதேன்னு நான்தான் மாட்டிவிட்டேன். அதுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? நீ என்ன திருடனா?”

ரொட்டி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

“பொம்மைக்குத் தலைதான் மொட்டையா இருக்கு தம்பி. பழைய தொப்பி ஏதாவது கிடந்தா குடேன்.”

தலையிலிருந்த புதுத் தொப்பியையே கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.