எட்டாம் மாதத்துக் கடைசி வண்டி

மௌவுக்குப் போகும் கடைசி வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அகோட் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. இத்தனை வருஷம் இந்தச் சின்ன ரயிலை ஆமை, கட்டை வண்டி என்று ஏசியவர்களெல்லாம் இன்று என்ஜினோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பஞ்சு ஆலைக்கார திகம்பருக்கு எரிச்சலாக வந்தது. இந்த வண்டியை நம்பிப் பெண்ணையே கொடுத்தவர் அவர்.

மகள் உஜ்வலாவை மௌவில் கொடுக்க அவர் மனைவி அனுசயாவுக்கு இஷ்டமில்லை. "காட்டுக்கும் மலைக்கும் அந்தப் பக்கம். அவளுக்கு ஒண்ணுன்னா யாரு ஓடறது?" என்று அழுதாள். "இங்க ஏறினா அங்கதான் இறங்கணும். ஒரே வண்டி. அடுத்த தெருன்னு நினைச்சுக்கோ" என்று அவள் வாயை அடைத்தவர் திகம்பர்தான். இப்போது அகலப் பாதை போடத் தண்டவாளத்தைப் பெயர்க்கப் போகிறார்கள். புலிக் காட்டுக்குள் போடவே கூடாது என்று இன்னொரு கூட்டம் மல்லுக்கட்டுகிறது. எப்போது முடியுமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் கூட்டி வருவதாகப் பேச்சு. பாழாய்ப் போன வண்டி எட்டிலேயே நிற்கிறது. எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஊர் தாண்டக் கூடாது. இதில் மட்டும் சம்பந்தியம்மாளும் அனுசயாவும் ஒரே கட்சி. ஒன்பதில் மூன்று பஸ் மாறி மலைப்பாதையில் குலுங்கி வர டாக்டர் ஒப்பவில்லை. "அப்ப நான் இங்கயே பெத்துக்கறேன் ஆயி" என்று போனில் சொன்ன உஜ்வலாவின் குரல் உடைந்ததைத் திகம்பரும் அனுசயாவும் கேட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் சரியான பேச்சே இல்லை.

பிள்ளை பெற்றவள் தின்ன வேண்டிய கோந்து லட்டை அனுசயா முன்கூட்டியே பிடித்துவிட்டாள். மௌவுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. டப்பாவோடு பெட்டிக்குள் ஏறியவள், ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவரிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். ஆனால் டப்பாவை அவள் கொடுக்கவில்லை. என்ஜின் ஊதியது.

"கொடுத்துட்டு இறங்கு, வண்டிய எடுக்கப் போறான்" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று திகம்பர் கத்தினார்.

"நான் இறங்கலை."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? டிக்கெட் இல்ல, மாத்துப் புடவை இல்ல."

"கடைசி வண்டில எவன் டிக்கெட் கேக்கறான்? புடவை அவகிட்ட இருக்கும்."

"திரும்ப எப்படி வருவே?"

"பேரப்பிள்ளை பொறக்கட்டும். எத்தனை பஸ்ஸுனாலும் மாறி வரேன்." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அவளால தாய் வீட்டுக்கு வர முடியலை. தாயாவது போகட்டும். ராத்திரிக்கு பாக்ரி ரொட்டி சுட்டு மூடி வெச்சிருக்கேன். கொல்லைக் கதவைத் தாழ் போட்டுக்கோங்க."

அப்படியென்றால் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் பேச்சின்போது தானும் அவளைக் கேட்கவில்லை என்பது திகம்பருக்கு உறைத்தது. 'தப்புப் பண்ணிட்டேன் அனுசயா' என்று சொல்ல வாயெடுத்தார்.

வண்டி நகர்ந்தது. வெடி வெடித்தார்கள். கூட்டமே கையசைத்தது, அவரும் கையைத் தூக்கினார். அனுசயா இந்தப் பக்கம் திரும்பவில்லை. பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்து, "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, ரொம்ப தூரம் போகணும்" என்றபடி டப்பாவை மடியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.