அசனப் பந்தியில் நல்லதம்பி

சுரண்டைக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மறுநாள் சபையார் எல்லோரும் தேவாலய வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு அசனம் என்று பெயர். ஆயிரம் பேருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. பதினேழு வருடமாக அந்தக் குழம்புக்குப் பொறுப்பு நல்லதம்பி. மற்ற நாட்களில் அவர் உரக்கடை வைத்திருக்கும் சாதாரண ஆள். அந்த ஒரு நாள் மட்டும் கமிட்டிக்காரர்களே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த வருடம் பொறுப்பு ஜஸ்டினுக்குப் போனது. தென்காசியில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவன். இந்த ஊரில் பெண் எடுத்துச் சபைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அண்ணாச்சிக்கு முதுகுவலி, கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று குருவானவர் கமிட்டியில் சொன்னாராம். அன்பாகத்தான் சொல்லியிருப்பார். நல்லதம்பிக்கோ அது முள்ளாகத் தைத்தது.

அதன்பிறகு ஜஸ்டின் என்ன செய்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆராதனையில் அவன் சத்தமாகப் பாடினால் வேஷம். மெதுவாகப் பாடினால் பாட்டே தெரியாதவன். மசாலா அளவு கேட்டு அவன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். முதல் தடவை, தூங்குவதாக மனைவியைச் சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீதான் பெரிய சமையல்காரனாச்சே தம்பி. எங்கிட்ட என்னத்தக் கேக்க?"

அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்தபோது அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

அசனத்தன்று காலையில் மனைவி சுகிர்தம் அரிவாள்மணையோடு ஆலயத்துக்கு வெங்காயம் அரியப் போனாள். இவர் துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினார்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து வெகுநேரம் நின்றார். உடம்புதான் குளிர்ந்தது. இப்போது கறியை அண்டாவில் போட்டிருப்பான், இப்போது மசாலா சேர்த்திருப்பான் என்று மனசு அடுப்படியிலேயே கிடந்தது. குழம்பு கெட வேண்டும் என்று அவர் ஜெபம் செய்யவில்லை. ஆனால் கெட்டால் யார் யார் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை.

ஊரில் வந்து இறங்கியபோது மணி இரண்டு. பந்தி உட்கார்ந்திருந்தது, இலையில் ஒன்றுமில்லை. சாரலில் விறகு நனைந்து, குழம்பு இன்னும் கொதிக்கவில்லை. ஜஸ்டின் கண் சிவக்க அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். நல்லதம்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சுற்றுச்சுவர் ஓரம் நின்று, முதல் முணுமுணுப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அது வரவே இல்லை. பெண்கள் வரிசையில் ஒருத்தி பாட்டெடுத்தாள்; பந்தி முழுக்கச் சேர்ந்து பாடியது. பசி தாங்காத வயசாளிகளுக்கு யாரோ வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். கமிட்டிச் செயலாளரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த தென்னமட்டை சுமந்து வந்தார். ஜஸ்டின்மேல் ஒருவருக்கும் கோபமில்லை. அதுதான் நல்லதம்பியைச் சுட்டது. இத்தனை வருடமும் தன் கைப்பக்குவத்துக்காகத்தான் இவர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்!

சுகிர்தம் அவரைக் கண்டுவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இவ்வளவு நேரமாச்சு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"மொத வருசம் நீங்க அடிப்பிடிக்க வச்சப்ப மட்டும் யாரு என்ன சொன்னா? தீஞ்ச வாடையோடதான் எல்லாரும் சாப்பிட்டாவ. தீஞ்ச பேச்சு ஒங்க காதுல விழக் கூடாதுன்னு, அப்ப இருந்த குருவானவரு சம்சாரம் பந்தி பந்தியாப் போயிச் சொல்லிட்டு வந்தாவ."

அடிப்பிடித்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் பதினேழு வருடமும் நம்பியிருந்தார்.

 அடுப்படிக்குப் போனார். "அந்த வலதுபக்க அடுப்புக் கல்லை நகர்த்துலே. காத்து உள்ள போகட்டும்" என்றார். ஜஸ்டின் நகர்த்தினான். தீ பற்றிக்கொண்டது.

அவர் அங்கே நிற்காமல் பந்தியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் தள்ளி இடம் விட்டார். குழம்பு வந்தது. நன்றாக இருந்தது; தான் வைப்பதைவிட நன்றாக இருந்தது. ஒவ்வொரு கவளமும் எரிந்துகொண்டேதான் இறங்கியது.

பந்தி முடிந்ததும் அண்டா கழுவ ஆள் கேட்டார்கள். பதினேழு வருடத்தில் அவர் ஒருநாளும் கழுவியதில்லை. எழுந்து போய் ஒரு பிடி தேங்காய் நாரை எடுத்துக்கொண்டார். ஜஸ்டினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தேய்த்தார்.